இருபது முதல் முப்பது வரை

மனித வாழ்வின் பருவங்களுள், இருபது வயது முதல் முப்பது வயது வரையுள்ள பத்தாண்டுகளைப் பற்றிக் கூறப்படும் புகழுரைகளுக்கு அளவில்லை. அதனை வாழ்வின் வசந்தம் என்பர். விதைக்கும் காலம் என்பர். ஆனால் அப்பருவத்தில் இருப்பவர்களை அணுகிக் கேட்டால், அவர்களுள் பலர் வேறுவிதமாகவே விடை கூறுவர். ‘இன்னும் ஒன்றும் ஆரம்பமாகவில்லை’ என்பதே அவ்விடை. பட்டம் பெற்றாயிற்று, வேலை கிடைக்கவில்லை; வேலை கிடைத்தது, அது நிரந்தரமாகவில்லை; நிரந்தரமாயிற்று, சொந்த ஊருக்கு மாற்றலாகவில்லை. ஊரார் வசந்தம் என்று புகழும் காலத்தை, அதில் வாழ்வோர் ரயில் நிலையத்துத் தங்கும் அறையாகவே காண்கின்றனர். வண்டி வரும் வரையில் அங்கே பெட்டியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு காரியம் இல்லை என்று கருதுகின்றனர்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் இருபது முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோர் 21 கோடிக்கு மேற்பட்டவர். இத்தனை பேருடைய பத்தாண்டுகள் எங்ஙனம் செலவாகின்றன என்பது அவரவர் சொந்த விஷயம் மட்டுமன்று. நாட்டின் விஷயமும் ஆகும். ஆகவே, காத்திருத்தல் என்னும் இந்த ஒரு குறையைப் பற்றியே இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

தலைநகராகிய தில்லியில் இக்காத்திருத்தலைக் கண்கூடாகக் காணலாம். முகர்ஜி நகர், பழைய ராஜேந்திர நகர் ஆகிய பகுதிகளில் காலை வேளையில் நடந்து சென்றால், தேநீர்க் கடை வாயிலிலும் புத்தகக் கடை வாயிலிலும் நாளிதழும் குறிப்பேடும் கையுமாக நிற்கும் இளைஞர்களைக் காண்போம். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும், தமிழகத்திலிருந்தும், மத்திய அரசாங்கத்தின் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயில வந்தவர்கள் அவர்கள். இத்தேர்வை இருபத்தொரு வயதில் எழுதத் தொடங்கலாம். பொதுப் பிரிவினர் முப்பத்திரண்டு வயது வரையில் ஆறு முறை எழுதலாம். பிற பிரிவினர்க்கு வரம்பு இன்னும் தளர்ந்தது. ஏறத்தாழ இருபதுகள் முழுவதையும் ஒரே தேர்வுக்கு ஒப்படைத்துவிட வழியுண்டு என்பது இதன் பொருள். 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர். இறுதியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 1,016 பேர். விண்ணப்பித்தோரில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர் என்று கொள்ளலாம்.

தேர்வு எழுதுவது தவறு என்று நாம் கூற வரவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் உயர்ந்த பதவியை அடைய நம் நாட்டில் திறந்திருக்கும் வாயில்களுள் அது ஒன்று. நாம் கேட்பது வேறு. அந்த ஒருவருக்கு அவர் செலவிட்ட ஆண்டுகளின் பயன் பதவியாக வந்து சேர்கிறது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த ஆண்டுகள் என்னவாயின? 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்துள் மழை வெள்ளம் புகுந்து மாணவர் மூவர் உயிர் துறந்தனர். ‘எல்லாம் முடிந்த பிறகு’ என்று நாம் ஒத்திவைக்கும் அந்தப் பிற்காலம் எல்லார்க்கும் உறுதியாக வாய்ப்பதன்று என்பதை அச்செய்தி நமக்கு நினைவூட்டிற்று.

இதனைக் கரையில் நின்றுகொண்டு நாம் உபதேசிக்கவில்லை. 2002-ஆம் ஆண்டில், நம் இருபத்திரண்டாம் வயதில், கலைப் பட்டம் ஒன்றைக் கையிலேந்தி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம் செய்து தில்லி வந்து இறங்கினோம். கரோல் பாக்கில் ஒரு மொட்டை மாடியின்மேல் கட்டப்பட்ட ஒற்றை அறை நமக்கு வாய்த்தது. அத்தகைய அறையைத் தில்லிவாசிகள் ‘பர்சாத்தி’ என்பர். கோடையில் அது சூளை. குளிர்காலத்தில் அதன் தரையில் வெறுங்காலை ஊன்ற இயலாது. நண்பர் இருவருடன் வாடகையைப் பகிர்ந்துகொண்டு அங்கே தங்கிப் படித்தோம். இரு முறை முதல்நிலைத் தேர்விலேயே தவறினோம். மூன்றாம் முறை முதன்மைத் தேர்வு வரையில் சென்று தவறினோம்.

தவறியதைக் குறித்து இன்று நமக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றைக் குறித்தது. அந்நாட்களில் நம் வாயில் எப்பொழுதும் இருந்தது ஒரே வாக்கியம்: ‘தேர்வு முடியட்டும்.’ ஹிந்தி கற்கலாமே என்றால், தேர்வு முடியட்டும். காலையில் சற்று நடக்கலாமே என்றால், தேர்வு முடியட்டும். ஊருக்குச் சென்று வரலாமே என்றால், அதற்கும் அதே விடை.

நம் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர்; அவற்றை நேரில் கண்டவரல்லர். ‘தை பிறந்ததும் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?’ என்று எழுதுவார். ‘தேர்வு முடியட்டும், அப்பா’ என்று பதில் எழுதுவோம். மறு ஆண்டும் அவ்வாறே கேட்டார். நாமும் அவ்வாறே எழுதினோம். 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் காலமானார். அவ்வாண்டின் முதல்நிலைத் தேர்வு மே மாதத்தில் நடந்தது. நம் அறையிலிருந்து செங்கோட்டை தொலைவிலில்லை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். அம்மூன்று ஆண்டுகளில் நாமும் அதனுள் சென்றதில்லை.

அதே காலத்தில் நாம் வீண் என்று கருதிய ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். 1947-இல், தம் இருபதாம் வயதில், லாகூரிலிருந்து அகதியாகத் தில்லிக்கு வந்தவர். கண்ணில் புரை விழுந்திருந்தமையால், ஆங்கில நாளிதழைப் படித்துக் காட்டுமாறு நம்மைக் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. மாலைதோறும் அரை மணி நேரம் படித்துக் காட்டினோம். அதற்குக் கைம்மாறாக அவர் நமக்கு ஹிந்தியும், பிறகு உருது எழுத்தும் கற்றுக்கொடுத்தார். தாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும், ‘உங்கள் பாஷையில் இதற்கு என்ன?’ என்று கேட்பார். வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன், வக்கீல், ஜில்லா முதலிய சொற்கள் தமிழ்நாட்டிலும் வழங்குகின்றன என்று அறிந்தபொழுது, காணாமற்போன உறவினரைக் கண்டவர்போல் மகிழ்ந்தார். ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் குடியேறும்பொழுது எதை விட்டுவிட்டு வருகிறது, எதைக் கொண்டுவருகிறது என்று நோக்கும் பழக்கம் நமக்கு அங்கேதான் உண்டாயிற்று.

அறைக்குத் திரும்பியதும், அரை மணி நேரம் பாழாயிற்றே என்று நாம் நொந்துகொண்டதும் உண்டு. ஆனால் 2007-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் பணிக்குத் தேர்வு நடந்தபொழுது, மூன்றாண்டுகள் இரவும் பகலும் மனனம் செய்த குறிப்பேடுகள் அதிகம் உதவவில்லை. அந்த அரை மணிப் பொழுதுகளே உதவின. இன்றுவரை நம் உணவுக்கு வழி செய்பவையும் அவையே.

அப்பெரியவருடைய இருபதுகள் அகதி முகாமிலும் நடைபாதைத் துணிக் கடையிலும் கழிந்தவை. பகலில் துணி விற்று, மாலையில் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். ‘காத்திருப்பதற்கு எங்களிடம் வசதி இல்லை’ என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கூறினார். அவர் அதைப் பெருமையாகவும் கூறவில்லை; குறையாகவும் கூறவில்லை. வசதி இல்லாமையால் அவர் செய்ததை, சிறிது வசதியுடைய நாம் ஏன் செய்யலாகாது என்னும் எண்ணம் மட்டும் நமக்குள் தங்கிவிட்டது.

இனி, காத்திருத்தல் முற்றிலும் தீது என்று கூறவும் இயலாது. திருக்குறளில் ‘காலமறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. காலம் வரும் வரையில் கொக்கைப் போல் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே வள்ளுவர் காட்டும் உவமை. அந்த உவமையைச் சற்று நின்று நோக்குவோமாக. கொக்கு காத்திருக்கிறது, ஆனால் அது உறங்கவில்லை. அதன் கால் நீரில் இருக்கிறது. கண் மீன்மேல் இருக்கிறது. நீரைவிட்டு விலகி மரக்கிளையில் ஏறிக்கொண்டு, ‘மீன் வரட்டும், பிறகு இறங்குவேன்’ என்று அது கூறுவதில்லை. நம் இளைஞர் பலருடைய காத்திருத்தல் கிளையின்மேல் அமர்ந்த காத்திருத்தலாக இருக்கிறது என்பதே நம் கவலை.

நீரில் கால் வைத்துக் காத்திருந்தவர் ஒருவருடைய வரலாற்றை, சிறப்பாக அலுவலகங்களில் பணியாற்றும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சந்திரசேகர வெங்கட ராமன் 1907-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொண்டு பிழைக்க இந்தியருக்கு வழி மிகவும் குறைந்திருந்த காலம் அது. எனவே அவர் நிதித் துறைத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. வேறொருவராயிருப்பின், ‘விஞ்ஞானம் நமக்கு வாய்க்கவில்லை’ என்று பெருமூச்சு விட்டுக் கணக்கேடுகளில் ஆழ்ந்திருப்பார். அல்லது ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று இருந்திருப்பார்.

ராமன் ஒருநாள் டிராம் வண்டியில் செல்லுங்கால், பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்னும் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய கழகம் அது. அங்கே கூடமும் கருவிகளும் இருந்தன. ஆய்வு நடத்துவோர்தாம் இல்லை. ராமன் சென்று கதவைத் தட்டினார். அசுதோஷ் டே என்னும் ஊழியர் கதவைத் திறந்தார். பின்னர் அவரே ராமனுக்கு நெடுங்காலம் ஆய்வுத் துணைவராக விளங்கினார். அன்று முதல், அலுவலகத்துக்குச் செல்லுமுன் விடியற்காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவு வரையிலும், விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் ராமன் அங்கே உழைத்தார். இடையில் 1909-இல் ரங்கூனுக்கும் 1910-இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1917-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், குறைந்த ஊதியத்தையும் பொருட்படுத்தாது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். ஒளிச்சிதறலைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரி 28-இல் அதே கழகத்தில் நிகழ்ந்தது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு பெற்றதற்காக இவ்வரலாற்றை நாம் கூறவில்லை. நம்மில் எவரும் ராமனாக முடியாது. ஆக வேண்டுவதும் இல்லை. பரிசு வராமலே போயிருந்தாலும், அவருடைய இருபதுகள் பயனுற்றவையே. பத்தாண்டுக் காலம் தமக்கு உவப்பான வேலையைத் தினந்தோறும் செய்து வாழ்ந்தார் என்பதே அப்பயன். அவருடைய பதவி அவருக்கு ஆய்வுக்கூடத்தைக் கொடுக்கவில்லை. மாலைப் பொழுதை விட்டுவைத்தது. அந்தப் பொழுதை அவர் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். ராமன் விடியற்காலையில் வெளியே புறப்பட்டபொழுது, வீட்டுக் காரியங்களை லோகசுந்தரி அம்மையார் ஏற்றிருந்தார். ஒருவர் தம் மாலைப் பொழுதைத் தமக்கென எடுத்துக்கொள்வதற்கு, வீட்டில் மற்றொருவர் தம் பொழுதைக் கொடுக்க நேர்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அவ்வாறு கொடுப்பவர் பெண்களே. இருபது வயதுப் பெண்ணுக்கு ஓய்வு நேரத்தைப் பற்றி அறிவுரை கூறுவதற்கு முன், அவளுக்கு அந்த நேரம் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஒரே நேரத்தில் திரும்பும் தமையனும் தங்கையும் இருக்கும் வீட்டில், தமையன் புத்தகத்தை எடுக்கத் தங்கை சமையலறைக்குள் நுழைவாளாயின், அவ்வீட்டில் ஒருவருடைய இருபதுகள் மற்றொருவருக்குக் கடனாகக் கொடுக்கப்படுகின்றன. பெற்றோர் இதனைக் கவனித்தல் நலம். பாத்திரம் துலக்கும் அரை மணி நேரத்தைப் பிள்ளைகள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால், அந்த வீட்டில் இருவர் படிக்கலாம்.

அப்படியாயின் இளைஞர் செய்யத்தக்கது யாது? உடலைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் விரிவாகக் கூற வேண்டுவதில்லை. பெரியோர் நாள்தோறும் கூறுகின்றனர். ஆயினும் இரண்டு உண்மைகளை நினைவில் வைக்கலாம். நம் எலும்புகளின் திண்மை ஏறத்தாழ முப்பது வயதை ஒட்டி உச்சத்தை அடைந்து, பின்னர்ப் படிப்படியாகக் குறையத் தொடங்குகிறது. ஆகவே நடப்பதும் ஓடுவதும் சுமை தூக்குவதும் இப்பொழுது செய்தால் சேமிப்பு; பிற்காலத்தில் அவை, உள்ளதைக் காக்கும் செலவுக் கட்டுப்பாடுதான். பணத்திலும் இதே கணக்குத்தான். ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் கூட்டு வட்டியில் பணம் ஏறக்குறையப் பத்தாண்டில் இரட்டிக்கும். இருபத்தைந்து வயதில் ஒதுக்கிய ஆயிரம் ரூபாய் ஐம்பத்தைந்து வயதில் எண்ணாயிரத்தை ஒட்டி நிற்கும். முப்பத்தைந்து வயதில் ஒதுக்கிய ஆயிரமோ நாலாயிரத்தை ஒட்டியே நிற்கும். தொகை ஒன்றே, வேறுபாடு தொடங்கிய நாளில் உள்ளது.

கல்வியும் கைத்திறனும் இவ்வகையில் பணத்தைப் போன்றவையே. நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் மொழிபெயர்த்தால், ஆண்டு முடிவில் ஒரு பெரிய நூல் கையில் இருக்கும். அலுவலகக் கோப்புகளைச் சேர்க்காமல், நமக்காக ஒரு பக்கம் என்னும் வழக்கத்தை நாம் முப்பத்தொன்றாம் வயதில் மேற்கொண்டோம். இடையிடையே தவறியும், இதுவரை நான்கு நூல்கள் முடிந்துள்ளன. பர்சாத்தியில் இருந்த நாட்களிலேயே தொடங்கியிருந்தால் எத்தனை முடிந்திருக்கும் என்று நாம் கணக்கிடுவதில்லை; கணக்கிட்டால் வருத்தமே மிஞ்சும். நேயர்களுக்கு அது இசையாயிருக்கலாம், தச்சு வேலையாயிருக்கலாம், புதியதொரு மொழியாயிருக்கலாம். எதுவாயினும், தினமும் அரை மணி நேரம் போதும். அதனைத் தேர்வுக்குப் பிறகு என்று ஒத்திவைக்காமலிருப்பதே முக்கியம். தேர்வுக்குப் பத்து மணி நேரம் படிப்பவருடைய படிப்பு அந்த அரை மணியால் கெட்டதாக நாம் கண்டதில்லை.

மற்றொன்று, பிறரோடு தம்மை ஒப்பிடும் வழக்கம். கல்லூரித் தோழர் வீடு வாங்கியதும், வெளிநாடு சென்றதும், மணம் புரிந்ததும் இக்காலத்தில் அன்றன்றே கைப்பேசியில் படமாக வந்து சேர்கின்றன. முன்னாட்களில் இச்செய்திகள் ஊர்த் திருவிழாவின்போது ஆண்டுக்கு ஒருமுறை வந்தன. அவற்றைத் தாங்கிக்கொள்ள இடைவெளி இருந்தது. ஒருவருடைய வண்டி முன்னர்ப் புறப்பட்டது என்பதனால் நம் வண்டி தவறிவிட்டது என்று ஆகாது. ராமன் பதினெட்டு வயதில் உத்தியோகம் பெற்றார். நாம் இருபத்தேழில் பெற்றோம். அதனால் நமக்கு நேர்ந்த கேடு ஒன்றும் இல்லை. நேர்ந்த கேடு இடைப்பட்ட நாட்களை நாட்களாகக் கருதாமையால் விளைந்தது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ‘முதலில் வேலை, மற்றதெல்லாம் பிறகு’ என்று பிள்ளைகளுக்குக் கூறும்பொழுது, அந்த ‘மற்றது’ என்பதனுள் எவையெவை அடங்குகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதனுள் அவர்களுடைய நட்பும் நலமும் கலையும் அடங்குகின்றன. சில வேளைகளில் நீங்களும் அடங்குகின்றீர்கள்.

2008-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், முதல் முறையாகக் கிடைத்த நீண்ட விடுப்பில், நம் தாயாரைத் தில்லிக்கு அழைத்து வந்து செங்கோட்டையைக் காட்டினோம். லாகூர் வாயிலின்முன் நின்று சிவந்த மதிலை நெடுநேரம் பார்த்தார். ‘உன் அப்பா பலகையில் போட்டுக் காட்டியது இதுதானா?’ என்று கேட்டார். இதுதான் என்றோம். ‘அவர் போட்டதில் கொடி இன்னும் பெரிதாக இருக்கும்’ என்றார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இளைஞர்களே, நீங்கள் எதிர்நோக்கும் வண்டி நல்லபடியாக வரட்டும். ஆனால் அது வரும் வரையில் உள்ள நாட்களும் உங்கள் ஆயுளில் கழிபவையே. அவற்றுக்கெனத் தனிக் கணக்கு எங்கும் இல்லை. தேர்வுக்குப் படியுங்கள், வேலைக்கு முயலுங்கள். அதனோடு, இன்று மாலை அரை மணி நேரத்தை உங்களுக்கு உவப்பான ஒன்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். வீட்டிலிருந்து எவரேனும் ‘வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?’ என்று கேட்டிருந்தால், அவர்களை வரச் சொல்லி இன்றே பதில் கூறிவிடுங்கள்.